மங்கள வார்த்தையின் வழியே: ஃபிளாரன்ஸிலிருந்து கென்ட் வரை

முதல் நாள், மார்ச் 25, ஃபிளாரன்ஸ்

இன்றைக்கு இந்த ஊரில் இருக்க வேண்டும் என்பது அக்காவின் பல வருட ஆசை. மங்கள வார்த்தைத் திருநாள். கிறிஸ்துமஸுக்குச் சரியாக ஒன்பது மாதம் முன்பு, கபிரியேல் சம்மனசு, அதாவது வானதூதர், மரியாளிடம் வந்து இயேசு பிறக்கப்போகும் சேதி சொன்ன நாள். 1750 வரை ஃபிளாரன்ஸ்காரர்களுக்கு வருடம் பிறந்ததே இந்த நாளில்தான். காலையில் சாந்திசிமா அனுன்சியாத்தா கோவிலுக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் இடதுபக்கம், சின்னப் பளிங்கு மண்டபத்துக்குள், பழைய சுவரோவியம் ஒன்று இருக்கிறது. வரைந்தவருக்கு மாதாவின் முகம் மட்டும் கைகூடவில்லை, அசந்து தூங்கிவிட்டார், விழித்துப் பார்த்தபோது சம்மனசே முகத்தை வரைந்து முடித்திருந்தது என்பது ஊர்க் கதை. நல்ல கூட்டம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

எனக்கு இந்தப் பயணத்தில் இன்னொரு தேடல் இருக்கிறது. மறுமலர்ச்சிக் கால ஓவியம் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அன்று இத்தாலி ஒரு நாடே கிடையாது. ஊருக்கு ஊர் தனி அரசு, தனிப் பணம், தனிப் பேச்சு, தனி ஓவியப் பட்டறை. எல்லாரும் எல்லாவற்றையும் வரைந்தார்கள் என்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பது கஷ்டம். ஒரே காட்சியைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனால் என்ன என்று தோன்றியது. மங்கள வார்த்தைக் காட்சி அதற்குத் தோதானது. சம்மனசு ஒரு பக்கம், மரியாள் ஒரு பக்கம், நடுவில் கொஞ்சம் இடம். அவ்வளவுதான் படம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். முதல் வகுப்பில் எப்போதும் சொல்வது இதுதான்: உருவத்தைப் பார்க்காதே, இரண்டு உருவத்துக்கு நடுவே இருக்கிற இடத்தைப் பார். அந்த நடு இடத்தை எந்த ஊர் என்ன செய்தது என்று பார்க்கப் போகிறேன்.

மத்தியானம் சான் மார்கோ மடம். 1430களின் கடைசியில் ஊரின் பெரிய வங்கிக்காரர் கோசிமோ தெ மெதிச்சி பணம் கொடுக்க, மிக்கெலொட்சோ என்ற கட்டடக் கலைஞர் புதுப்பித்துக் கட்டியது. மடத்துத் துறவிகளில் ஒருவரான ஃப்ரா ஆஞ்செலிகோவும் அவருடைய ஆட்களும் துறவிகளின் அறைகளில் ஆளுக்கொரு படம் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட அறைகளில் வரைந்திருக்கிறார்கள். அக்காவுக்கு முழங்கால் வலி, படி ஏறுவது மெதுவாகத்தான். அதுவே நல்லதாகிவிட்டது. படியில் திரும்பி நிமிர்ந்தால் மேலே எதிர்ச்சுவரில் மங்கள வார்த்தை. ஒவ்வொரு படிக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வந்தது. தினமும் பல தடவை இதில் ஏறி இறங்கிய துறவிகளுக்காகத்தான் அங்கே வரைந்திருக்கிறார். இந்த உருவத்தின் முன்னால் வரும்போது ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லாமல் கடந்து போகாதே என்று கீழே லத்தீனில் எழுதியும் வைத்திருக்கிறார்.

வளைவுகள் வைத்த ஒரு தாழ்வாரம். சம்மனசு ஒரு வளைவின் கீழ், மரியாள் இன்னொரு வளைவின் கீழ். நடுவில் ஒரு தூண். இரண்டு பேரும் நெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் வணங்குகிறார்கள். பின்னால் கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல். “முக்காலியில உட்கார்ந்திருக்காங்க பாரு, சிம்மாசனம் எதுவும் போடலை” என்றாள் அக்கா. மரத்தில் செய்த சாதாரண முக்காலிதான். அந்தத் தாழ்வாரமும் வேறு எங்கேயோ இருக்கிற அரண்மனை இல்லை. கீழே நாங்கள் நடந்து வந்த மடத்தின் தாழ்வாரத்துக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது.

ஃபிளாரன்ஸ் நடு இடத்தை அளக்கிறது. தூண் எங்கே, வளைவு எவ்வளவு உயரம், சுவர் எவ்வளவு தள்ளி என்று எல்லாவற்றுக்கும் கணக்கு. அதற்குச் சுவரே ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஈரச் சுண்ணாம்புச் சாந்தின் மேல் வரையும்போது, அன்றைக்கு எவ்வளவு முடிக்க முடியுமோ அவ்வளவு சுவரை மட்டும்தான் பூசுவார்கள். அந்தத் துண்டுக்கு ஜொர்னாத்தா, அதாவது ஒரு நாள் வேலை என்று பெயர். சாந்து காய்வதற்குள் முடித்தாக வேண்டும். காய்ந்தபின் திருத்தவேண்டும் என்றால் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். அதனால் தூரிகையைத் தொடும் முன்பே படம் முழுக்க மனதில் முடிந்திருக்க வேண்டும். தீசென்யோ என்பது இந்த ஊரின் பெரிய சொல். கோடு வரைவதும் திட்டம் போடுவதும் இரண்டும் அதற்குப் பொருள்.

மூன்றாம் அறையில் அதே காட்சி இன்னொரு முறை இருக்கிறது. அங்கே தோட்டம் இல்லை, அலங்காரம் இல்லை. வெள்ளைச் சுவர், வெறும் வளைவு, நிற்கிற சம்மனசு, மண்டியிட்ட மரியாள். ஓரத்தில் ஒரு புனிதர் கைகூப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நடுவே வெளிச்சம் விழுந்த சுவர் மட்டும்தான். நான் அந்த அறை வாசலை விட்டு நகர மனமில்லாமல் நின்றேன்.

இரண்டாம் நாள், ஃபிளாரன்ஸ்

நாள் முழுக்க உஃபிசி ஓவியக்கூடம். நேராக சிமோனே மார்த்தினியின் மங்கள வார்த்தைக்குப் போனோம். இது சியேனாக்காரர் படம், சியேனாப் பேராலயத்துக்காகச் செய்தது. சிமோனே மார்த்தினி, லிப்போ மெம்மி என்ற இரண்டு பெயரும் 1333 என்ற வருடமும் அதில் எழுதியிருக்கின்றன.

பின்னணி முழுக்கத் தங்கம். சிவப்புக் களிமண் பூசி, அதன்மேல் தங்கத் தகடு ஒட்டி, தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி, சின்ன அச்சுகளால் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கிறார்கள். சம்மனசு இப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறது. கட்டம் போட்ட அதன் மேலாடை இன்னும் காற்றில் பறந்துகொண்டிருக்கிறது. மரியாள் பயந்து உடம்பைச் சுருக்கி, கழுத்தருகே துணியை இழுத்துப் பிடிக்கிறாள். ஆனால் இன்னொரு கையின் கட்டை விரலைப் புத்தகத்துக்குள் விட்டு, படித்த பக்கம் தவறிப்போகாமல் வைத்திருக்கிறாள். அந்தக் கட்டை விரலை அக்காதான் முதலில் பார்த்தாள்.

நடு இடத்தில் ஒரு ஜாடி லீலிப்பூ. அதற்கு மேலே சொற்கள். சம்மனசின் வாயிலிருந்து புறப்பட்ட லத்தீன் எழுத்துகள் தங்கத்தின் மேல் புடைப்பாக, ஒரு கோடாக, மரியாளின் முகத்தை நோக்கிப் போகின்றன. நமக்கு அது நன்றாகத் தெரிந்த வாசகம்தான்: அருள் நிறைந்தவளே வாழ்க, ஆண்டவர் உம்முடனே. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் எழுத்துகள் நிழல் தட்டி எழும்பி நிற்கின்றன. காற்று, வெளிச்சம், தூரம் எதுவும் சியேனாவுக்குத் தேவைப்படவில்லை. வார்த்தையே அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது.

அங்கிருந்து லியனார்டோவின் அறை. அவருக்கு வயது இருபதை ஒட்டியிருந்தபோது வரைந்த படம். சம்மனசின் இறக்கை உண்மையான பறவையின் இறக்கை போலத் தோளில் முளைத்திருக்கிறது. புல்லின் மேல் நிழல் விழுகிறது. நடு இடத்தில் தொலைதூரத்து மலையும் ஒரு துறைமுகமும் வெளிறிய மூட்டத்தில் கரைகின்றன. மரியாளின் வலதுகை கொஞ்சம் நீளம் அதிகம் என்று பலரும் சொல்வார்கள். படத்துக்கு வலதுபக்கம் தள்ளி நின்று பார்த்தேன். கை சரியாகிவிட்டது. படம் மாட்டியிருந்த இடத்தை நினைத்தே அப்படி வரைந்திருப்பார் என்று சில அறிஞர்கள் சொல்வதை நானும் நம்புகிறேன்.

இன்னொரு படத்தைச் சொல்லியாக வேண்டும். இது இத்தாலியப் படம் இல்லை. இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் புரூஜ் நகரத்தில் மெதிச்சி வங்கியின் பொறுப்பாளராக இருந்த தொம்மாசோ போர்த்தினாரி, அந்தப் பகுதியின் ஃபிளாண்டர்ஸ்காரரான ஹ்யூகோ வான் டெர் கூஸிடம் செய்யச் சொன்ன பெரிய மூன்று பலகைப் படம். 1483இல் கடல் வழியாக வந்து, ஆர்னோ ஆற்றில் ஏறி, ஊர் வாசலிலிருந்து ஒரு மருத்துவமனைக் கோவில் வரைக்கும் 16 பேர் சுமந்து கொண்டுபோனார்கள். “நம்ம சப்பரம் தூக்குற மாதிரி” என்றாள் அக்கா. நடுவில் குழந்தை இயேசு தரையில் கிடக்க, ஓடிவந்த இடையர்கள் வெடித்த கையோடு, பல் தெரிய, வாயைப் பிளந்து நிற்கிறார்கள். ஃபிளாரன்ஸ் ஓவியர்கள் அசந்து போயிருக்க வேண்டும். இரண்டே வருடத்தில், 1485இல், கிர்லாந்தாயோ சாந்தா திரினித்தா கோவிலில் வரைந்த படத்தில் அதே மாதிரி இடையர்கள் வந்துவிட்டார்கள். போர்த்தினாரி படத்தின் கதவுகளை மூடினால் வெளிப்பக்கம் என்ன தெரியுமா? மங்கள வார்த்தை. வெறும் சாம்பல் நிறத்தில், கல்சிலை போல.

மூன்றாம் நாள், சியேனா

பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். இந்த ஊரைப் பற்றி நான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்று இன்றைக்குத் தெரிந்தது.

சிமோனேயின் படம் முன்பு இருந்த பேராலயத்தில் அந்தப் பீடத்தின் மேல் இப்போது பிற்காலத்துப் படம் ஒன்று இருக்கிறது. இந்தப் பேராலயத்தின் முதன்மைப் பீடத்துக்காகத்தான் சியேனா ஓவியர் துச்சோ தன் பெரிய மாதா படத்தை வரைந்தார். 1311 ஜூன் 9 அன்று பட்டறையிலிருந்து கோவில் வரைக்கும் ஊரே ஊர்வலமாக எடுத்துப் போனது. கடைகளை அடைத்து, மணிகளை அடித்து, சதுக்கத்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். 1771இல் அதை அறுத்துப் பிரித்துவிட்டார்கள். அதன் அடிவரிசையில் இருந்த மங்கள வார்த்தைப் பலகை இப்போது லண்டனில் இருக்கிறது. ஆக, சியேனாவின் புகழ்பெற்ற இரண்டு மங்கள வார்த்தையும் சியேனாவில் இல்லை.

மீதிப் பலகைகள் பேராலய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அக்கா அதில் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டாள். “இதுவும் மங்கள வார்த்தைதானே?” பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. வீட்டுக்குள் மரியாள், எதிரே மண்டியிட்ட சம்மனசு. ஆனால் சம்மனசின் கையில் குருத்தோலை. இது இரண்டாவது வருகை. மரியாளின் மரணம் நெருங்கிவிட்டது என்று சொல்ல வந்த வருகை. அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “அன்னைக்கு வந்த ஆளே வந்திருக்கட்டும். தெரிஞ்ச முகமா இருந்தா பயம் இருக்காது” என்றாள்.

அடுத்து தேசிய ஓவியக்கூடம், பினாகொதேகா. இங்கேதான் என் எண்ணம் மாறியது. அம்ப்ரோஜோ லொரென்செத்தி 1344இல் ஊரின் வரி அலுவலகத்துக்காக வரைந்த மங்கள வார்த்தை. சியேனா என்றால் தங்கம், கணக்கு என்றால் ஃபிளாரன்ஸ் என்று இரண்டு நாளாக எழுதிக்கொண்டிருந்தவன் அதன் தரையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். கட்டம் கட்டமான ஓட்டுத் தரை. ஒரு காகிதத்தின் ஓரத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஒவ்வொரு கோட்டையும் தொடர்ந்து போனேன். எல்லாக் கோடும் ஒரே புள்ளியில் போய்ச் சேர்கின்றன. ஃபிளாரன்ஸில் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி தூரத்துக் காட்சியின் கணக்கைச் செய்துகாட்டியதற்கு எழுபது எண்பது வருடம் முந்தைய படம் இது.

அதாவது சியேனாவுக்கும் கணக்கு தெரியும். தரையை அப்படி அளந்து வரைந்துவிட்டு, அது போய் முடிகிற இடத்தில் ஓவியர் சுவர் எழுப்பவில்லை, மலை வரையவில்லை. தங்கத்தை வைத்தார். தரை வரைக்கும் நம்முடைய உலகம், அதற்கு மேல் அளக்க முடியாது என்று அவர் தீர்மானித்திருக்கிறார். மரியாள் சம்மனசைப் பார்க்கவே இல்லை, மேலே பார்க்கிறாள். சம்மனசும் கட்டை விரலால் தனக்குப் பின்னால் காட்டுகிறது, நான் இல்லை, அனுப்பியவர் அவர் என்பதுபோல.

நாலு வருடம் கழித்து, 1348இல், கொள்ளைநோய் வந்தது. லொரென்செத்தியும் அதில்தான் இறந்திருப்பார் என்கிறார்கள். அதற்கு நூறு வருடம் கழித்தும் ஜொவான்னி தி பாவோலோ, சானோ தி பியெத்ரோ போன்றவர்கள் இங்கே தங்கத்தின் மேல்தான் வரைந்துகொண்டிருந்தார்கள். பக்கத்து ஊரான ஃபிளாரன்ஸில் அந்தக் கணக்கைச் சுவரில் வரைந்துகாட்டிய மசாச்சோ வந்து போன பிறகும். இதைச் சியேனா பின்தங்கிவிட்டது என்று எழுதுவது வழக்கம். இந்த அறைகளில் ஒரு மத்தியானம் நடந்தபின் என்னால் அப்படி எழுத முடியாது. தன் ஊர் மாதா தன்னைக் காப்பாற்றுகிறாள் என்று நம்பிய ஊர் இது. மாதாவின் முகத்துக்குப் பின்னால் இருந்த தங்கத்தை எடுத்துவிட்டுத் தோட்டத்தையும் மலையையும் வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

முட்டையின் மஞ்சள் கருவில் நிறம் குழைத்து வரைந்த முகங்கள் இவை. சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் இழுத்துப் பூச முடியாது. மயிரிழை போன்ற கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டே போக வேண்டும். இளம் முகங்களுக்கு ஊருக்குள் வளரும் கோழியின் வெளிறிய கரு, வயதானவர்களுக்குக் கிராமத்துக் கோழியின் சிவந்த கரு என்று சென்னினோ சென்னினி என்ற ஓவியர் பட்டறைக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். அக்காவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. ராத்திரி ஆம்லெட் சாப்பிடும்போதும் இதே பேச்சு.

நான்காம் நாள்

ரயிலிலேயே போய்விட்டது. மலையைக் கடந்து அட்ரியாட்டிக் கரைக்கு வந்துவிட்டோம். சாயங்காலம் கடல் பச்சையாக இருந்தது.

ஐந்தாம் நாள், ரெக்கனாத்தி, லொரேட்டோ

பெரிய ஊர்ப் பட்டியலில் வராத ஒரு மலை ஊருக்கு ஒரே ஒரு படத்துக்காக வந்தோம். லொரென்சோ லோத்தோ 1534 வாக்கில் வரைந்தது. வெனிஸில் பிறந்தவர். டிஷியனின் புகழுக்கு முன்னால் அங்கே அவருக்கு இடம் கிடைக்கவில்லை. இந்த மார்க்கே பகுதியின் சின்ன ஊர்களுக்கு வரைந்து காலம் தள்ளினார்.

அக்கா பார்த்ததும் சத்தமாகவே சிரித்துவிட்டாள். “பூனை!” படத்தின் நடுவில் ஒரு பூனை, முதுகை வளைத்துக்கொண்டு, சம்மனசைத் திரும்பிப் பார்த்தபடி ஓடுகிறது. வலதுபக்கம் சம்மனசு ஒரு கையைத் தூக்கி மண்டியிட்டிருக்கிறது. அதன் நிழல் தரையில் விழுகிறது. மேலே மேகத்திலிருந்து கடவுள் இரண்டு கையையும் சேர்த்து நீட்டிக்கொண்டு, நீரில் குதிப்பவரைப் போல வருகிறார். மரியாளோ இவர்கள் இருவருக்கும் முதுகைக் காட்டி நம் பக்கம் திரும்பியிருக்கிறாள். கை இரண்டும் விரிந்திருக்கின்றன. நான் என்ன செய்ய என்று நம்மைக் கேட்கிறாள். பின்னால் அவளுடைய அறை: திரை போட்ட கட்டில், அலமாரியில் புத்தகம், மெழுகுவர்த்தி, ஆணியில் தொங்கும் துண்டு, மணற்கடிகாரம்.

இதுவரை பார்த்த படங்களில் நாம் வெளியே நின்றோம். இங்கே நாமும் அந்த அறைக்குள் இருக்கிறோம். பட்டறைப் போட்டி இல்லாத ஒரு சின்ன ஊரில்தான் இப்படி ஒரு துணிச்சல் வரும் என்று நினைக்கிறேன். வெனிஸின் நிறமும் வெளிச்சமும் இதில் அப்படியே இருக்கின்றன. ஆனால் வெனிஸின் பெரும்பீடத்துக்கு இந்தப் பூனையைக் கொண்டுபோக யாராவது சம்மதித்திருப்பார்களா?

பக்கத்திலேயே லொரேட்டோ. மரியாள் வாழ்ந்த, சம்மனசு வந்த அதே வீட்டை வானதூதர்கள் தூக்கிவந்து வைத்தார்கள் என்று நம்பப்படும் கோவில். மூன்று சுவர், கரிபிடித்த கல். வெளியே அதைச் சுற்றி பிரமாந்தே வடிவமைத்த பளிங்குக் கூடு, அதில் அந்திரேயா சான்சொவினோ செதுக்கிய மங்கள வார்த்தை. நான் பளிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கல் சுவரில் கையை வைத்துக்கொண்டு மாதா பிரார்த்தனை சொன்னாள். நம் வீடுகளில் மாலையில் சொல்லும் அந்த மன்றாட்டுமாலைக்கே லொரேட்டோ மன்றாட்டுமாலை என்றுதான் பெயர். லோத்தோவும் கடைசிக் காலத்தில் இந்தக் கோவிலுக்கே தன்னை ஒப்புக்கொடுத்துவிட்டு இங்கேயே இறந்தார். வாழ்நாளில் பல தடவை வரைந்த காட்சி நடந்த வீட்டின் பக்கத்தில்.

ஆறாம் நாள், வெனிஸ்

வெனிஸ் 421ஆம் வருடம் மார்ச் 25 அன்று பிறந்தது என்று அந்த ஊர் கதை சொல்கிறது. ஃபிளாரன்ஸின் புத்தாண்டும் வெனிஸின் பிறந்தநாளும் ஒரே நாள். ரியால்த்தோ பாலத்தின் ஒரு பக்கவாட்டில், வளைவின் ஒரு முனையில் கபிரியேல், மறு முனையில் மரியாள். நடுவில் உச்சிக்கல்லில் புறா. அதன் கீழே படகுகள் போய்க்கொண்டே இருக்கின்றன. ஒரு ஊர் தன்னுடைய பெரிய கால்வாயையே நடு இடமாக வைத்துவிட்டது!

பாலத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் சான் சால்வதோர் கோவில். 1560களின் தொடக்கத்தில், எழுபதை ஒட்டிய வயதில் டிஷியன் வரைந்த மங்கள வார்த்தை அங்கே இருக்கிறது. நாலு மீட்டர் உயரம். இருட்டான கோவில், பழகுவதற்குக் கண்ணுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நடு இடம் எங்கே என்று பென்சிலை நீட்டி அளக்கப் பார்த்தேன். அளக்க முடியவில்லை. ஓரக்கோடே இல்லை. மேலே வானம் பிளந்து வெளிச்சம் கொட்டுகிறது, சம்மனசின் உடை, மேகம், குட்டிச் சம்மனசுகள் எல்லாம் செம்பும் பழுப்பும் பொன்னுமாக ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கின்றன. மரியாள் முகத்துணியைக் காதருகே விரலால் தூக்கிக் கேட்கிறாள். கீழே ஓரத்தில் கண்ணாடி ஜாடி, அதில் பூவா தீயா என்று தெரியாத சிவப்பு. படியில் எழுதியிருப்பது: எரிக்கும், ஆனால் பொசுக்காத நெருப்பு. பக்கத்தில் போனால் பூச்சு பூச்சாக வண்ணம், சில இடங்களில் துணியின் இழையே தெரிகிறது. தள்ளி வந்தால் அது வெளிச்சமாகிவிடுகிறது. ‘டிஷியன் செய்தான், செய்தான்’ என்று இரண்டு தடவை கையெழுத்து. படம் முடியவில்லை என்று யாரோ குறை சொன்னதால் அப்படி எழுதினார் என்று ஒரு கதை உண்டு.

ரோமில் டிஷியனின் ஒரு படத்தைப் பார்த்த மைக்கேலாஞ்சலோ, நிறம் அருமை, ஆனால் வெனிஸில் ஆரம்பத்திலேயே ஒழுங்காக வரையக் கற்றுக்கொள்ளாதது பரிதாபம் என்று சொன்னதாக, ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய வசாரி குறித்திருக்கிறார். மைக்கேலாஞ்சலோ, வசாரி இரண்டு பேரும் ஃபிளாரன்ஸ் பட்டறைகளில் பயின்றவர்கள். ஆனால் இது சோம்பலால் வந்த வேறுபாடு இல்லை. உப்புக் காற்றில் ஈரச் சாந்து நிற்காது. 1508இல் ரியால்த்தோ பக்கத்து ஜெர்மன் வணிகர் மாளிகைச் சுவரில் ஜோர்ஜோனேயும் இளம் டிஷியனும் வரைந்தவை உதிர்ந்து, இன்று சில துண்டுகள்தான் மிச்சம். அதனால் இந்த ஊர் துணிக்குப் போனது. பாய்மரத் துணி நெய்கிற ஊருக்குக் கித்தானுக்கா பஞ்சம்? எண்ணெய் வண்ணம் மெதுவாகக் காயும், மேலே மேலே பூசலாம், மனம் மாறினால் அழிக்கலாம். அதோடு, ஆப்கானிஸ்தானின் பதக்ஷானிலிருந்து வரும் நீலக்கல் முதற்கொண்டு எல்லாச் சரக்கும் இறங்குகிற துறைமுகம். வண்ணம் மட்டுமே விற்கும் வணிகர்கள் வேறு எங்கும் இல்லாத அளவுக்கு இங்கே இருந்தார்கள். ஃபிளாரன்ஸில் படம் மனதில் முடிந்த பிறகுதான் கை தொடங்கும். இங்கே கை போகப் போகத்தான் படம் பிறக்கிறது.

ஏழாம் நாள், வெனிஸ்

சான் ரோக்கோ சபை மண்டபம். கீழ்த்தளத்தில் டின்டொரெட்டோ 1580களில் வரைந்த மங்கள வார்த்தை. சம்மனசு வாசலில் வரவில்லை, இடிந்த சுவரின் வழியாகப் பாய்ந்து வருகிறது. பின்னால் ஒரு கூட்டம் குட்டிச் சம்மனசுகள். காரை பெயர்ந்து செங்கல் தெரியும் தூண், கிழிந்த நாற்காலி, வெளியே மரத்துண்டுகளுக்கு நடுவே சூசையப்பர் வேலை செய்துகொண்டிருக்கிறார். அக்காவுக்குப் பிடிக்கவில்லை. “வீட்டை இடிச்சுக்கிட்டா வருவாங்க?” என்றாள். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவள் சொன்னது மனதில் கிடந்து உறுத்துகிறது.

ஒன்பதாம் நாள், கென்ட் (Ghent), பெல்ஜியம்

நேற்று விமானம். இன்று காலை புருஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். மழை.

புனித பாவோ பேராலயத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், ஹூபர்ட் வான் எய்க் தொடங்கி அவர் தம்பி யான் 1432இல் முடித்த பலகைப் படம். ஃபிளாரன்ஸில் மசாச்சோ இறந்து சில வருடங்களே ஆகியிருந்த காலம். இத்தாலியில் பாப்லர் மரம், இங்கே ஓக் மரம். இத்தாலியில் முட்டைக் கரு, இங்கே ஆளிவிதை எண்ணெய். எண்ணெய் வண்ணத்தையே யான் வான் எய்க்தான் கண்டுபிடித்தார் என்று வசாரி எழுதியது சரியில்லை, அதற்கு முன்பே இருந்தது. கண்ணாடி போல மெல்லிய வண்ணப் படலங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வரும்படி செய்ததுதான் அவர் சாதனை.

முன்பக்கம் கதவுகள் திறந்து, ஆட்டுக்குட்டியும் கூட்டமுமாக இருந்தது. எல்லாரும் அங்கே நிற்க, நாங்கள் சுற்றிக்கொண்டு பின்னால் போனோம். கதவுகளை மூடினால் வெளியே தெரியும் பக்கம். நாலு பலகை: ஒரு ஓரத்தில் கபிரியேல், மறு ஓரத்தில் மரியாள். நடுவில் இரண்டு ஒடுங்கிய பலகைகள், அவற்றில் ஆளே கிடையாது. ஒன்றில் ஒரு ஜன்னல், அதற்கு வெளியே வெயில் விழுந்த தெரு, வீடுகள், சின்னச் சின்ன மனிதர்கள். இன்னொன்றில் சுவர் மாடம், தொங்கும் செம்பு, கீழே தாம்பாளம், பக்கத்தில் மடிப்புக் கலையாத வெள்ளைத் துவாலை.

ஒன்பது நாளாக நான் தேடிக்கொண்டு வந்த நடு இடத்துக்கு இந்த ஊர் தனியாக இரண்டு பலகையே கொடுத்திருக்கிறது. அதில் தங்கம் இல்லை, தூண் இல்லை, நெருப்பு இல்லை. கை கழுவுகிற இடம் இருக்கிறது. அறையின் உத்தரம் தாழ்வு, இரண்டு பேரும் எழுந்து நின்றால் தலை இடிக்கும். படச் சட்டங்களின் நிழலை அறைத் தரையில் வரைந்திருக்கிறார், படம் முதலில் இருந்த சிற்றாலயத்தின் ஜன்னல் வெளிச்சம் அந்த அறைக்குள்ளும் விழுவதுபோல. சம்மனசின் சொற்கள் இங்கேயும் எழுத்தாகப் போகின்றன. ஆனால் மரியாளின் பதில் தலைகீழாக எழுதப்பட்டிருக்கிறது. மேலே இருக்கிறவர் படிப்பதற்கு.

அப்புறம் ஒன்று கவனித்தேன். முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் ஆதாமும் ஏவாளும் நிற்கிறார்கள். ஜன்னல் பலகை ஆதாமின் முதுகுப்பக்கம். துவாலைப் பலகை ஏவாளின் முதுகுப்பக்கம். சம்மனசு சொல்லும் முதல் வார்த்தை லத்தீனில் ‘ஆவே’. அதைத் திருப்பிப் படித்தால் ‘ஏவா’. அந்தக் காலத்து மக்கள் நன்றாக அறிந்திருந்த சொல்விளையாட்டு அது. அக்காவிடம் சொன்னேன். அவள் முன்பக்கம் போய் ஏவாளைப் பார்த்துவிட்டு, மறுபடி பின்னால் வந்து துவாலையைப் பார்த்தாள். இன்னொரு தடவையும் போய் வந்தாள். முழங்கால் வலி ஞாபகமே இல்லை.

“வீடு துடைச்சு, பாத்திரம் கழுவி, துண்டைத் துவைச்சு மடிச்சுப் போட்ட பிறகு வந்திருக்கு தம்பி சம்மனசு,” என்றாள். “வேலை முடியட்டும்னு காத்திருந்திருக்கு.”

நான் குறிப்பேட்டை எடுத்துத் துவாலையை மட்டும் வரைந்தேன். மடிப்புகளின் நிழல் சரியாக வரவே இல்லை. கோவில் சாத்தும் மணி அடிக்கும் வரை வரைந்துகொண்டிருந்தேன்.